என் வருத்தத்தையும் அவரே நிரப்பினார்

1

இந்த மாதத்தோடு நான் அமெரிக்காவுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு ஃபாரத்தைக்கூட என் கையால் நிரப்பியதில்லை என்று சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். எம்.எஸ்ஸி. படித்தவள், இங்கே மருந்து ஆராய்ச்சிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறவள், இவளுக்கு என்ன வந்தது என்பீர்கள். நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் என் வயசுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் என் கட்சி.

அது இப்படித்தான் ஆரம்பிக்கும். கணவனுக்கு வேலை வீசா. மனைவிக்கு அவன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற வீசா, அதற்கு எச்-4 என்று பெயர். எல்லா ஃபாரத்திலும் அவர்தான் முதல் ஆள், நான் அவரைச் சார்ந்திருப்பவள். நானாக மிகைப்படுத்திச் சொல்லவில்லை, சார்ந்திருப்பவள் என்றே அச்சடித்திருப்பார்கள். முதல் ஆறு வருஷம் எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. சொந்தமாக இமெயில் எதற்கு என்று எல்லா இடத்திலும் அவர் இமெயிலையே கொடுத்தோம். இன்சூரன்ஸ், டாக்டர், பல் டாக்டர், டிரைவிங் லைசென்ஸ், வரி, எது வந்தாலும் அவருக்குத்தான் வரும். கிரீன் கார்டு இன்றுவரை வரவில்லை. வரிசையில் நிற்கிறோம்.

என் கணவர் பெயர் குமரேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் வளர்மதி. இரண்டும் மாற்றிய பெயர்கள்தான், கோபியில் இருக்கும் அவர் சொந்தமும் பெருந்துறையில் இருக்கும் என் சொந்தமும் அடித்துக்கொள்ள வேண்டாம் என்று.

ஃபாரம் நிரப்புவதில் குமரேசன் சூரர். எல்லாவற்றையும் நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி, அடுப்படிக்கே கொண்டுவருவார். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அப்புறம் கடைசிப் பக்கம்" என்பார். ஒரு கையில் கரண்டியோடு போட்டுக்கொடுப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை. தோழிகள் இன்சூரன்ஸ் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டும்போது, எங்கள் வீட்டில் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார் என்று நான் பெருமை பீற்றியிருக்கிறேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

2

அவரை மட்டும் குறை சொல்லி என்ன, அந்தப் பழக்கம் எனக்கு அவரால் வந்ததல்ல. ஈரோட்டில் நாங்கள் போகிற லேடி டாக்டரிடம் அம்மாவும் கூடவே உள்ளே வருவாள். டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். அம்மாதான் பதில் சொல்வாள். வலி எங்கே, எத்தனை நாள், பசிக்கிறதா, வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா, எல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும். கல்யாணம் ஆனதும் அந்த நாற்காலியில் மாமியார் உட்கார்ந்தார். இங்கே வந்ததும் குமரேசன் உட்கார்ந்தார். ஆள் மாறினார்களே தவிர எனக்குப் பேசுகிற வேலை வரவேயில்லை. வந்திருந்தாலும் என்ன சொல்வது என்று தெரிந்திருக்காது.

போன கோடையில் எங்கள் மகள் யாழினியைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவளுக்குப் பதின்மூன்று வயது. நர்ஸ் வந்து, இனிமேல் டாக்டர் பிள்ளையோடு பத்து நிமிஷம் தனியாகப் பேசுவார், நீங்கள் இருவரும் வெளியே உட்காருங்கள் என்றாள். அதோடு விட்டாளா. ஆஸ்பத்திரி இணையதளத்தில் அவளுடைய கணக்கையும் இனி நீங்கள் முழுசாகப் பார்க்க முடியாது, அவளுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். குமரேசனுக்கு வந்ததே கோபம். எனக்கும்தான். பெற்றவர்களை வெளியே தள்ளிவிட்டு அந்தப் பச்சை மண்ணோடு என்ன ரகசியம் என்று அந்த வராந்தாவில் நின்று இரண்டு பேரும் புகைந்தோம்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் நான் துருவித் துருவிக் கேட்டேன். "இட்ஸ் பிரைவேட், அம்மா" என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தமிழில் கேட்டால் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். பெற்ற பெண் கையைவிட்டுப் போகிறாளே என்று நான் மூன்று நாள் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. இப்போது அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

3

தீபாவளி முடிந்த வாரம் எனக்கு வருஷாந்தரச் செக்கப். ரத்தம் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். குமரேசன் போனைப் பார்த்தபடி அடுப்படிக்கு வந்தார்.

"டாக்டர் ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வந்திருக்குது வளரு. உனக்கு ஒரு குறை இருக்குதாம். பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல கண்ணு, நிறையப் பேருக்கு இருக்கறதுதானாம்" என்றார்.

வைட்டமின் டி என்றுதான் நினைத்தேன். நியூ ஜெர்சியில் தமிழர்கள் நாலு பேர் கூடினால் வைட்டமின் டி, தைராய்டு, இந்த இரண்டையும் பேசாமல் கலைவதில்லை. அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்றார். பக்கத்து அறையில் யாழினி இருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். கணவன் மனைவி விஷயத்தில் நாட்டம் குறைந்துபோகிற குறையாம். மாதவிலக்கு இன்னும் நிற்காத வயசுப் பெண்களுக்கு வருமாம். அதற்கென்றே மாத்திரை இருக்கிறதாம், டாக்டர் எழுதித் தரத் தயாராம்.

கல்லில் தோசை கருகியது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. ரத்தத்தில் அதுகூடவா தெரிந்துவிடும்? சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, ஆசை இவ்வளவு என்று வரிசையாக அச்சடித்து வந்திருக்கும் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் இப்படி நினைக்கலாமா என்று நானே என்னைக் கேட்டுவிட்டேன். டாக்டர் கண்டுபிடித்தார் என்று கட்டினவர் சொன்னால் கண்டுபிடித்தார்தானே என்றுதான் அன்றைக்கு இருந்தது.

அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது, அதனால்தான் நம்பினேன். மூன்று வருஷமாக எனக்கு அந்த நாட்டம் இல்லை. அவர் திரும்பிப் படுத்துக் கையைப் போட்டால் களைப்பாக இருக்கிறது என்பேன். களைப்பு என்பது பாதிதான் பொய். என்றைக்காவது சரி என்று இருப்பேன், ஆனால் மனசு மறுநாள் சாம்பாருக்கு முருங்கைக்காய் இருக்கிறதா என்று ஃபிரிட்ஜைத் தேடிக்கொண்டிருக்கும். பிறவியிலேயே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வருஷம் எடிசனில் ஒற்றை அறை வீடு. பனிப்புயல் அடித்து இரண்டு நாள் அவர் ஆபீசுக்குப் போகவில்லை. அந்த இரண்டு நாளை இப்போது நினைத்தாலும் எனக்கு முகம் சூடாகும். அப்படி இருந்தவள்தான் நான்.

அடுத்த வாரம் டாக்டரோடு வீடியோவில் பேச்சு. வெள்ளைக்காரப் பெண்மணி, என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருக்கலாம், நல்ல மாதிரி. குமரேசன் கேமராவில் விழாமல் எதிரே உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனையைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். படுக்கப் போகும்போது மட்டும்தான் சாப்பிட வேண்டும், பகலில் சாப்பிட்டால் மயக்கம் வரும், மது கூடவே கூடாது, எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்திருங்கள், எட்டு வாரம் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உங்களுக்கு இதில் சம்மதம்தானே என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு யெஸ் என்றேன். கேள்வி ஏதாவது உண்டா என்றார். நோ என்றேன். அந்த இரண்டு சொல்லைத் தவிர அன்றைக்கு நான் வேறெதுவும் பேசிய ஞாபகம் இல்லை.

4

மாத்திரை தபாலில் வந்தது. குமரேசனே டப்பாவைத் திறந்து, தண்ணீர் டம்ளரோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். கல்யாணமான புதிதில்கூட எனக்கு இவ்வளவு கவனிப்பு நடந்ததில்லை.

முதல் இரண்டு வாரம் தூக்கம்தான் வந்தது. சாதாரணத் தூக்கமா அது, அடித்துப்போட்ட தூக்கம். காலையில் எழுந்தால் தலை தனியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்து உட்காரும். ஒருநாள் யாழினிக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே கால் மடங்கிச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஓடிவந்து ஆங்கிலத்தில் ஆயிரம் கேள்வி கேட்டாள். வைட்டமின் மாத்திரை என்று பொய் சொன்னேன். அதற்காகவும் கூசினேன்.

குமரேசன் தினமும் காலையில் காபியோடு என் முகத்தைப் பார்ப்பார். இங்கே குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் செடியை வீட்டுக்குள் கொண்டுவந்து ஜன்னலோரம் வைப்போம். தளிர் விட்டதா என்று தினமும் குனிந்து பார்ப்போம். அப்படித்தான் என்னைப் பார்த்தார். "ஏதாச்சும் தெரியுதா?" என்பார். இல்லை மாமா என்பேன். "சரி சரி, நாள் ஆகும்னுதான் போட்டிருக்குது" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போவார். எனக்கு அழுகை வரும். இந்த மனுஷன் எவ்வளவு பொறுமையாக இருக்கிறார், நமக்குத்தான் உடம்பில் ஒன்று கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பேன். குளியலறைக் கண்ணாடியில் என்னைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தது. அதுவரைக்கும் அப்படி இருந்ததில்லை. மாத்திரை வருவதற்கு முன்னால் நாட்டம் இல்லாமல்தான் இருந்தேன், ஆனால் நான் கெட்டுப்போன பொருள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

5

எட்டாவது வாரம் முடிந்து டாக்டரை நேரில் பார்க்கப் போக வேண்டும். வியாழக்கிழமை இரண்டு மணி. குமரேசன் கூட வருவதாக லீவுகூடச் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்து அவர் ஆபீசில் ஏதோ கம்ப்யூட்டர் சிஸ்டம் படுத்துவிட்டது, காலையிலிருந்து போனில் தொங்கிக்கொண்டிருந்தார். நீயே போய்விட்டு வா, தலைச்சுற்றலை மட்டும் பெரிசாகச் சொல்லாதே, மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பினார். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக நான் தனியாக ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எப்படி இருக்கிறீர்கள் என்றார். மாற்றம் இல்லை, தலை சுற்றுகிறது என்றேன். தலையசைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நீங்கள் எழுதியதைத் திரும்பவும் படித்தேன், மனசைத் தொடும்படி எழுதியிருந்தீர்கள், அந்த வருத்தமாவது கொஞ்சம் குறைந்திருக்கிறதா என்று கேட்டார்.

எந்த வருத்தம் என்றேன்.

அவர் திரையிலிருந்து வாசித்தார். என் கணவர் எவ்வளவோ பொறுமையானவர், என் பக்கம் வந்து ஏமாந்து திரும்பும்போதெல்லாம் அவருக்கு அநியாயம் செய்கிறேனே என்ற குற்ற உணர்ச்சி என்னைத் தின்கிறது, பழையபடி ஒரு மனைவியாக இருக்க விரும்புகிறேன், தயவுசெய்து உதவுங்கள். இதுதான் சாரம். ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, நம்மைப் பற்றி இவ்வளவு அழகாக ஆங்கிலத்தில் யார் எழுதினார்கள் என்று. அடுத்த நொடி அது யார் என்று புரிந்துவிட்டது.

டாக்டர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ரத்தத்தில் ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் தானாக இதைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்கவில்லை. என் பெயரில் ஒரு கடிதம் போயிருக்கிறது, பதிலுக்கு அவர்கள் ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் என் பெயரில் நிரப்பித் திரும்பிப் போயிருக்கிறது. டாக்டர் நான் கேட்டேன் என்று மருந்து கொடுத்தார். நான் டாக்டர் சொன்னார் என்று சாப்பிட்டேன். நடுவில் என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தபால் போட்டிருக்கிறார்.

இதை நான் எழுதவில்லை என்றேன். டாக்டர் முகம் மாறிவிட்டது. கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். இந்த மருந்து கொடுப்பதற்கு ஆசை குறைந்திருப்பது மட்டும் போதாது, அது உங்களை வருத்த வேண்டும், உங்களைத்தான், வேறு யாரையும் அல்ல, அதனால்தான் அந்தக் கேள்விகள் எல்லாம் என்றார். பிறகு ரொம்ப மெதுவாக, உங்களை அது வருத்துகிறதா என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கேவலமாக இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் என் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. அந்தக் கேள்வித்தாள் எனக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டேன். மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, மூன்று பக்கம் அச்செடுத்துக் கொடுத்தார். வீட்டில் உங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கிறதா என்றும் கேட்டார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றேன். எப்படிப்பட்டவர் என்று அவர் கேட்டிருந்தால் திண்டாடியிருப்பேன்.

6

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிறபோது நோயாளிகள் கேள்வித்தாள் நிரப்பித் தருவார்கள், வலி எவ்வளவு, தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று. அதையெல்லாம் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அதில் முதல் விதியே, நோயாளி தன் கையால் நிரப்பியிருக்க வேண்டும் என்பது. மகன் நிரப்பினான், கணவன் நிரப்பினான் என்று தெரிந்தால் அந்தத் தாளைச் சேர்த்துக்கொள்ள முடியாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பதிலை யார் எழுதினது என்று ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்கு நான் கேள்வி அனுப்புவேன். எட்டு வருஷமாக ஊராருக்கெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மகராசிக்குத் தன் வீட்டில் நடந்தது தெரியவில்லை.

நிரப்பியவர் நன்றாகத்தான் நிரப்பியிருந்தார். ஆசைக் குறைவு உங்களை எவ்வளவு வருத்துகிறது? மிக அதிகமாக. குற்ற உணர்ச்சி ஏற்படுகிறதா? எப்போதும். கணவரோடு உறவு எப்படி? மிகச் சிறப்பு. மது அருந்துவீர்களா? இல்லை. அது ஒன்றுதான் அந்தத் தாளில் என்னைப் பற்றிய உண்மை.

இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி. எத்தனை முறை கருவுற்றிருக்கிறீர்கள்? ஒன்று என்று போட்டிருந்தார். அதற்குக் கீழேயே, இந்தப் பிரச்சினை ஆரம்பித்த சமயத்தில் உங்கள் வாழ்க்கையில் இழப்போ நோயோ வேறு முக்கியமான நிகழ்வோ ஏதாவது நடந்ததா? எதுவும் இல்லை என்று போட்டிருந்தார்.

நடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் குமரேசனுக்கு வேலை போயிற்று. இந்த வீசாவில் வேலை போனால் அறுபது நாள்தான், அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். அவருக்குப் போனால் எனக்கும் போச்சு. அந்த அறுபது நாளின் இரண்டாவது வாரம் எனக்கு நாள் தள்ளியிருக்கிறது என்று தெரிந்தது. யாழினிக்குப் பத்து வயது, நாங்கள் திட்டம் போடவில்லை. ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இங்கே வெளிப்படையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதுவரை எங்கேயும் அதைச் சொன்னதில்லை. அந்தச் சூழ்நிலையிலும், வீடு முழுக்க அட்டைப்பெட்டி கிடக்கும்போதும், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

குமரேசன் அழுதார். இன்சூரன்ஸ் மாசக் கடைசி வரைக்கும்தான் கண்ணு, எங்கே போய்ப் பெறுவது, ஊரில் போய் என்ன சொல்வது என்று அழுதார். கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரம் அவர்தான் காரில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் ஃபாரம் இருந்தது. முழங்காலில் வைத்து அவர்தான் நிரப்பினார். எங்கே கையெழுத்து என்று காட்டினார், போட்டேன். யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பழி எனக்கும் உண்டு. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்திருந்தேன். யாழினியிடம் காய்ச்சல் என்றோம். ஊரில் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அதிலிருந்து எட்டாம் நாள் குமரேசனுக்கு வேலை கிடைத்தது. அன்றைக்கு அவர் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் எனக்கு நாட்டம் வரவில்லை. வருத்தமா என்று டாக்டர் கேட்டாரே, காரில் உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது. வருத்தம்தான். அந்தப் பனிப்புயல் வீட்டில் இருந்தவளைக் காணோமே என்று எனக்கு எனக்காகவே வருத்தம். அவருக்கு அநியாயம் நடந்துவிட்டதே என்று துளி வருத்தம் இல்லை. இதைப் போய் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

7

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். யாழினி வயலின் வகுப்புக்குப் போயிருந்தாள். குமரேசன் லேப்டாப்பை மூடிவிட்டு, என்ன சொன்னாங்க என்று ஆவலாக வந்தார். தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பார்த்ததும் புரிந்துகொண்டார்.

மறுக்கவில்லை, அது அவர் குணம். ஆனால் தப்பு செய்ததாகவும் அவருக்குத் தோன்றவில்லை. எத்தனையோ ஃபாரம் நிரப்பியிருக்கிறேன், அதில் இதுவும் ஒன்று என்றார். உன்னைக் கேட்டால் நீ வாயைத் திறப்பாயா, மூன்று வருஷமாகக் களைப்பு, தலைவலி என்றுதானே சொன்னாய், நான் யாரிடம் போய்ச் சொல்ல, வேறு எங்கேயும் தேடிப் போகாமல் உனக்கு வைத்தியம்தானே பார்த்தேன் என்றார். அவர் குரல் உடைந்தது. அதில் நியாயம் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நான் கல்லாகத்தான் இருந்தேன், அவர் பக்கத்தில் தனியாகத்தான் படுத்திருந்தார்.

"டாக்டர் கண்டுபிடிச்சாங்கன்னு ஏன் மாமா சொன்னீங்க?" என்றேன்.

"நான் கேட்டேன்னு சொன்னா நீ ஒத்துக்குவியா? டாக்டர் சொன்னாத்தானே கேப்ப. உன் நல்லதுக்குத்தான் வளரு."

எட்டு வாரம் நான் தலை சுற்றி விழுந்தது, கண்ணாடியில் முகம் பார்க்கக் கூசியது, மகளிடம் பொய் சொன்னது, எல்லாம் என் நல்லதுக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அதற்குள் எனக்கு ஒரு நப்பாசை வந்துவிட்டது. அந்த 'ஒன்று', 'எதுவும் இல்லை' இரண்டையும் அவர் வேண்டுமென்றே போட்டிருப்பார் என்று நினைத்தேன். எனக்கு வலிக்கும் என்று மறைத்திருப்பார், அல்லது அவருக்கே வலித்திருக்கும், எழுதக் கை வந்திருக்காது. அப்படி இருந்தால் அதுவே போதும். இரண்டு பேருமாக உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்திருக்கலாம்.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, அந்தக் கேள்வி மேல் விரலை வைத்தேன். "அந்தச் சமயத்துல ஏதாச்சும் நடந்துச்சான்னு கேட்டிருக்காங்க. ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கீங்களே மாமா" என்றேன்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதைச் சொல்ற?" என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, "ஓ, எனக்கு வேலை போச்சே, அதையா? அது என்னோட விஷயந்தானே, இதுல எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

பதினாறு வருஷத்துக்கும் மேலாக அந்த முகத்தைப் பார்க்கிறேன். பொய் சொன்னால் எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.